மூன்று சுற்றுப் பச்சை ஒயர்

ஆணியில் மூன்று சுற்றாகத் தொங்கவிட்டிருந்த பச்சை ஒயர் அன்று காலையில் இரண்டு சுற்றாக இருந்தது.

டம்ளரும் கையுமாகப் பின்னறைக்குள் வந்தவள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மிஷின் மேல் போர்த்தியிருந்த துணியை உருவினாள், மரத்தூளை ஊதினாள், ஜன்னலைத் திறந்தாள், பிறகு மனசு கேட்காமல் திரும்பி வந்து எண்ணினாள். எண்ணுவதற்கு என்ன இருக்கிறது, இரண்டுதான். அந்த ஒயரைச் சுற்றி மாட்டியவளே அவள்தான். ஜன்னல் வழியாகத் தோட்டத்துக்குப் போகிற ஒயர் நாளைக்கு ஒரு முழம் போதாமல் போனால் மறுபடி யார் கடைக்கு ஓடுவது என்று வேண்டுமென்றே மூன்று சுற்று மிச்சம் விட்டிருந்தாள். சுண்டெலி இழுத்து விளையாடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சுண்டெலி அவள் மகள், நான்கு வயது. பள்ளிக்கூடத்துக்கென்று முறையான பெயர் ஒன்று உண்டு, ஆனால் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்காது. இழுத்திருக்கும், வேறு யார் இழுப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தபோதுதான், அந்த ஆணி தன் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருப்பது உறைத்தது.

மிஷின் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் சொல்கிற கோட்டில் மரத்தை வெட்டிச் செதுக்கும் சின்ன சிஎன்சி ரவுட்டர், ஒரு சாப்பாட்டு மேசை அளவு. காலையில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை, மத்தியானம் வீடு திரும்பினால் இதுதான் அவளுக்கு உலகம். கணவன் கப்பலில் இருந்தான். நான்கு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அந்த நான்கு மாதத்தைத் தள்ளுவதற்கென்று வாங்கியது, இப்போது அவன் வீட்டில் இருக்கிற இரண்டு மாதத்தையும் சேர்த்துத் தின்றது. தற்சமயம் சுண்டெலிக்கு ஒரு குட்டி நாற்காலி செய்துகொண்டிருந்தாள்.

காற்று வறண்டு, உதடு வெடித்து, தலை சீவினால் முடி சீப்போடு எழுந்து நிற்கிற மாதம் அது. அந்த மாதத்தில் மிஷின் ஒரு வேலையை முழுசாக முடித்ததே இல்லை. தூசி உறிஞ்சுகிற பிளாஸ்டிக் குழாய்க்குள் மரத்தூள் சரசரவென்று உரசிக்கொண்டு ஓடும்போது ஸ்டாட்டிக் மின்சாரம் ஏறும், ஏறி ஏறி எங்கேயோ ஒரு பொறியாகப் பாயும், கம்ப்யூட்டர் மிஷினை மறந்துவிடும், மரத்தை வெட்டுகிற பிட் பாதியில் நகராமல் நின்று அங்கேயே சுழன்று கருகல் வாடை கிளப்பும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் சுண்டெலி அந்தக் குழாயை யானைத் தும்பிக்கை என்று கட்டிப்பிடிக்கப் போய், மூக்கு நுனியில் பட்டென்று ஒரு பொறி அடித்து, அரைமணி நேரம் மூச்சு முட்ட அழுதது. அன்றைக்கே மிஷினுக்கு எர்த் கொடுத்து அந்த மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கியாக வேண்டும் என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டாள்.

அவள் அண்ணன் எலெக்ட்ரீஷியன். போனில் சொன்னான்: "பின்னறைல எல்லாம் ரெண்டு பின் பிளக்கு, எர்த்தே கெடையாது. ஞாயித்துக்கெழம வந்து முன்னறைலேருந்து தனி ஒயர் இழுத்துத் தரேன். அதுவரைக்கும் கைய வச்சுக்கிட்டு சும்மா இரு."

அவளுக்கு எது வந்தாலும் சும்மா இருப்பது மட்டும் வராது. குழாய்க்குள் செம்புக் கம்பியை ஓட்டினாள். மிஷினின் சட்டம், மோட்டார், தூசி உறிஞ்சி, கம்ப்யூட்டர் பெட்டி என்று ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஒயர் எடுத்து எல்லாவற்றையும் ஒரே திருகாணியில் கொண்டுவந்து முறுக்கினாள். அந்தத் திருகாணியிலிருந்து பச்சை ஒயர் ஜன்னலைத் தாண்டித் தோட்டத்துக்குப் போனது. அதன் மறுமுனையைக் கட்டி மண்ணுக்குள் இறக்குகிற நான்கடி நீள எர்த் ராடை எங்கே அடிப்பது என்பதில்தான் திண்டாட்டம். மூன்று இடத்தில் சுத்தியல் அடித்தது, ராடு துள்ளியது, மணிக்கட்டு வலித்தது, மண் அசையவில்லை. நான்காவதாக மதிலோரம், களைகூட முளைக்காத ஒரு வெற்றிடத்தில் வைத்து இரண்டே அடி அடித்தாள். மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது, ஏனென்றால் ராடு தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாண் வெளியே நிற்கும்போது அவள்தான் பிடித்து நிறுத்தினாள். அப்போது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கடைசியாக, பின்னறை வாசலில் சுண்டெலியின் தோள் உயரத்தில் ஒரு செம்புத் தகட்டை அறைந்து அதையும் அதே ஒயரோடு சேர்த்தாள். உள்ளே வருவதற்கு முன்னால் உள்ளங்கையால் அதைத் தொட்டு உடம்பில் இருக்கிற ஸ்டாட்டிக்கை இறக்கிவிட வேண்டும், தொடாமல் உள்ளே வரக்கூடாது. இதுதான் சட்டம். சுண்டெலிக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போனது.

வேலை சுத்தமா என்று பார்க்க முன்னறை மூன்று பின் பிளக்கின் எர்த்திலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்து வந்து, மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையைத் தகட்டிலும் வைத்தாள். முப்பத்தெட்டு ஓம். எண் குறையக் குறைய மண்ணோடு பிடிமானம் கூடுகிறது என்று அர்த்தம். காய்ந்த மண்ணுக்கு முப்பத்தெட்டு தேவலை என்று அண்ணனும் ஒத்துக்கொண்டான். சுவரில் பென்சிலால் எழுதி வைத்தாள். அன்றைக்கு மிஷின் மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஓடியது, ஒரு பொறிகூட இல்லை.

அதெல்லாம் திங்கட்கிழமை. ஒயர் இரண்டு சுற்றானது புதன்கிழமை.

கடையிலிருந்து வந்ததும் வராததுமாக மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தாள். பதினொன்று. மழை பெய்தால் எர்த் நன்றாகும், பெய்யாவிட்டால் நாளாக ஆக மோசமாகும், வானத்தில் பொட்டு மேகம் இல்லாத இந்த வறட்சியில் முப்பத்தெட்டு எப்படிப் பதினொன்றாகும்?

"உன் மீட்டர்ல பேட்டரி செத்திருக்கும்," என்றான் அண்ணன்.

"நேத்துதான் மாத்தினேன்."

"அப்ப நல்ல எர்த் கெடச்சதுக்கு அழுவுற மொத ஆளு நீதான்."

அவளும் சிரித்தாள். ஆனால் அன்று மத்தியானம் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலிக் கால்களை வெட்டப் போட்டுவிட்டு முன்னறைக்குப் போவாள், போன வேகத்தில் திரும்பி வருவாள், ஆணியைப் பார்ப்பாள், காரணமே இல்லாமல் ஜன்னல் கம்பியைத் துடைப்பாள். மிஷின் ரீங்காரம் ஒரே சுருதியில் போய்க்கொண்டிருந்தது. அந்த ரீங்காரத்துக்கு அடியில், நடுநடுவே, யாரோ மரப்பெட்டியைத் தரையில் அரை விரல் நகர்த்துவது போல ஒரு கிறீச் கேட்டது, அவள் கவனித்துக் கேட்டால் நின்றது. வெட்டி முடித்த கால்களைப் பொருத்திப் பார்த்தபோது ஒன்றும் பொருந்தவில்லை. அளந்தாள். முதல் காலை வெட்டியதற்கும் நான்காவதை வெட்டியதற்கும் நடுவில் பலகை அசையவில்லை, சட்டம் கோணும்படி மிஷினே அசைந்திருந்தது. தரையில் அதன் பாதம் இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு கீற்று, ஜன்னல் பக்கமாக.

வாசலில் சுண்டெலியின் குரல் கேட்டது. யாரோடோ பேசுகிற குரல்.

"தொட்டாச்சா?" என்றாள் அவள், வழக்கம்போல.

"தொட்டாச்சு."

"அப்ப உள்ள வா."

"இரும்மா. அது இன்னும் கைய விடல."

அவள் எட்டிப் பார்த்தாள். சுண்டெலி தகட்டில் உள்ளங்கையைப் பதித்து, ஒரு காலை மடக்கி, வரிசையில் நிற்கிற பெரிய மனுஷி மாதிரி பொறுமையாக நின்றுகொண்டிருந்தது. சற்றுப் பொறுத்துக் கையை எடுத்தது. எடுத்தது என்றால் வெடுக்கென்று அல்ல, விரல் விரலாக.

"சில்லுனு இருக்கும்மா அந்தக் கை."

"கை இல்லடி, தகடு."

சுண்டெலி அவளை ஒன்றும் தெரியாதவளைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு உள்ளே ஓடியது. அவள் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். வெயில் நேரம், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை ஒரு சுற்று. ஐந்து ஓம்.

வெள்ளிக்கிழமை ஆணியில் சுற்றே இல்லை. திருகாணிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒயர் லேசாகத் தொய்ந்து கிடந்தது. இரண்டு ஓம். மீட்டர் முனைகளைப் பிடித்தபடி அவள் குனிந்திருக்கும்போது சுண்டெலி வந்து பழக்கத்தில் தகட்டில் கையை வைத்தது, எண் அவள் கண் முன்னாலேயே இரண்டிலிருந்து விழுந்தது. ஒன்று. புள்ளி ஆறு. புள்ளி நான்கு.

"கைய எடு."

எடுத்தது. மெதுவாக மேலே ஏறி மறுபடி இரண்டு. அவள் தன் கையை வைத்துப் பார்த்தாள், இரண்டு. இரண்டு கையும் வைத்தாள், இரண்டு. எலும்பும் தோலுமான மனுஷக் கை ஒரு எர்த்தை மாற்றவே முடியாது, லட்சக்கணக்கான ஓம் இருக்கிற உடம்பு அது, மீட்டருக்கு நாம் இருப்பதே தெரியாது. இது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் பயமாக இருந்தது. குழந்தை கையை வைத்தால் மட்டும், மண்ணுக்குள் இருப்பது எதுவோ, அது ராடை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

தகட்டைப் பிடுங்கி எறிந்தாள். சுண்டெலி அழுதது. பொறி அடித்தபோது அழுத அழுகை இல்லை, கூட விளையாடுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அழுகிற அழுகை. பின்னறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சனிக்கிழமை முழுக்க அந்தக் கதவைத் திறக்கவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும்போது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்ல கை. அழுக்குக் கை. எதுவும் இல்லை. பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒவ்வொரு மணிக்கும் ஒரு தடவை அந்தக் கிறீச் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வந்தான். வரும்போது வழக்கம்போலக் கிண்டல்தான், எர்த் ராடுக்குப் பேய் பிடித்துவிட்டதா, மந்திரிக்கட்டுமா என்றான். முன்னறையில் சுண்டெலிக்கு பீப் சத்தம் போட்டுக் காட்டினான். மீட்டரைச் சத்தம் போடுகிற குறிக்குத் திருப்பி வைத்து இரண்டு முனையையும் முட்டினால் பீப். சாவிக்கும் சாவிக்கும் பீப். கரண்டிக்கும் கரண்டிக்கும் பீப். மாமா மூக்குக்கும் மாமா காதுக்கும் பீப் இல்லை. "மனுஷன் கம்பி இல்லடி, எலி," என்று சொல்லிவிட்டு, வந்து அளப்பதற்காகக் கறுப்பு முனையை மூன்று பின் பிளக்கின் எர்த்தில் மாட்டி வைத்துத் தோட்டத்துக்குப் போனான்.

தோட்டத்தில் அவன் கிண்டல் நின்றது.

"எவ்ளோ வெளிய விட்ட?"

"ஒரு சாண்."

ராடின் தலை மட்டும் ஒரு பொத்தான் அளவுக்கு மண்மட்டத்தில் தெரிந்தது, பச்சை ஒயர் அதன் பக்கத்திலேயே மண்ணுக்குள் இறங்கியிருந்தது. உச்சி வெயிலில் தோட்டம் முழுக்க வெடித்துக் கிடக்க, அந்தப் பொத்தானைச் சுற்றி ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம். அண்ணன் ஈரத்தில் விரலை வைத்து முகர்ந்தான். அந்த விரலைப் பேன்ட்டில் துடைத்தான். மறுபடி துடைத்தான். பேசிக்கொண்டிருக்கும்போதும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"கடப்பாரையும் கூட ஒரு ஆளும் வேணும். அரைமணியில வந்துடறேன்."

"ஒயரை வெட்டிடவா?"

"எதையும் தொடாத. புள்ளைய முன்னறைலயே வச்சுக்க. நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதன்னு சொல்றேன், கேளு."

அவன் முகத்தை அப்படி அவள் பார்த்ததில்லை. வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பி அடங்கியது. சுண்டெலி முன்னறைத் தரையில் கரண்டிகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்தாள். கடிகாரம் பார்த்தாள். இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

பின்னறையில் கிறீச்.

இந்த முறை நிற்கவில்லை. கிறீச், பிறகு தடதடவென்று மேசைக்கால் தரையில் துள்ளுகிற சத்தம், ஏதோ உடைகிற சத்தம். பூட்டைத் திறந்தாள். மிஷின் அறையின் குறுக்கே பாதி தூரம் வந்திருந்தது. பச்சை ஒயர் ஒரு கோடு. தொய்வே இல்லை. நடுங்கிக்கொண்டிருந்தது. நூற்றிருபது கிலோ இரும்பும் பலகையும் அவள் கண் முன்னால் ஜன்னலை நோக்கி இன்னொரு விரற்கடை நகர்ந்தது.

யாராக இருந்தாலும் வெட்டியிருப்பார்கள். கட்டிங் பிளேயரை எடுத்தாள். வெட்டினாள்.

டிங் என்று ஒரு சத்தம். ஒயரின் நுனி ஜன்னல் கம்பியில் ஒரு அடி அடித்துவிட்டு வெளியே போனது. தோட்டத்தின் குறுக்கே, சருகுகளைக் கலைத்துக்கொண்டு, மதிலோரத்துக்குப் போனது. மண்ணுக்குள் போனது. கடைசி நுனி வரைக்கும். பிறகு அங்கே ஒன்றும் இல்லை. ராடின் தலையும் இல்லை. ஈரம் மட்டும்.

மிஷின் அசையவில்லை. அவள் காத்திருந்தாள். அசையவில்லை. அட, அவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் செத்துப் பிழைத்தோம் என்று வாய்விட்டே சொன்னாள். சிரிப்பு வந்தது. போய்க் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

முன்னறையிலிருந்து பீப் கேட்டது.

சுண்டெலி கரண்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. மீட்டரின் கறுப்பு முனை பிளக்கின் எர்த்தில் அண்ணன் மாட்டிவிட்டுப் போனபடியே இருந்தது. சிவப்பு முனை குழந்தையின் கைக்குள்.

"கரண்டியில வச்சுட்டியா?"

"இல்லம்மா. என் கையில."

பீப் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் சிவப்பு முனையை வாங்கினாள். சத்தம் நின்றது. தன் கையில் வைத்தாள். சத்தமில்லை. சுண்டெலியின் கன்னத்தில் வைத்தாள்.

பீப்.

முழங்கையில். பீப். நெற்றியில் விழுந்த முடியின் நுனியில்.

பீப்.

திரையில் புள்ளி பூஜ்யம் இரண்டு. செம்புக்கும் செம்புக்கும் வருகிற எண். தரைதான், வெறுங்காலோடு தரையில் நிற்கிறது, அதனால்தான், வேறு எதனாலும் இல்லை. குழந்தையை வாரித் தூக்கி இடுப்பில் வைத்தாள். இரண்டு பாதமும் அந்தரத்தில். தன் காலில் ரப்பர் செருப்பு. எதுவும் எதையும் தொடவில்லை. சிவப்பு முனையைச் சுண்டெலி எட்டி மறுபடி கைக்குள் பொத்திக்கொண்டது.

பீப்.

"போடு அதை. போடுன்னு சொல்றேன்."

குழந்தை போடவில்லை. அதன் உடம்பு ஒரு தரம் லேசாக அதிர்ந்தது. தூக்கம் கலையும்போது அதிர்வது மாதிரி. பிறகு இன்னொரு தரம். பாரம் ஏறியது. இடுப்பிலிருந்து சரிந்தது. அவள் இரண்டு கையாலும் அக்குளுக்குள் கொடுத்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள்.

சுண்டெலியின் கால்கள் தொங்கவில்லை.

மெல்ல எழுந்தன. இரண்டும் சேர்ந்து. முழங்கால் நீண்டது. பாதம் நீண்டது. பின்வாசலைப் பார்த்து, தோட்டத்தைப் பார்த்து, மதிலோரத்தைப் பார்த்து, தரைக்கு மேலே இடுப்பு உயரத்தில், நேராக. அந்தப் பக்கம் யாரும் இல்லை. திறந்த கதவும் வெயிலும்தான்.

செருப்பு வழுக்கியது. ஒரு விரற்கடை. கரண்டி ஒன்று காலில் பட்டு உருண்டது. இன்னும் ஒரு விரற்கடை. ஒரு கையை எடுத்துக் கதவு நிலையைப் பிடித்தாள், நகம் மடங்கியது, பிடித்தாள். தெருவில் வண்டிச் சத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை. பீப் மட்டும்.

சுண்டெலி அழவில்லை. தலையைத் திருப்பி, அவள் காதோரம், ரகசியம் மாதிரி சொன்னது.

"அம்மா, நீ விட்டுடும்மா. அவங்க விட மாட்டாங்களாம். ரெண்டு பேரும் இழுத்தா எனக்கு வலிக்குது."

அவள் விடவில்லை. அவள் பிடிக்குள் குழந்தையின் கை நீண்டது. இடுப்பு நீண்டது. அந்தரத்தில் இரண்டு சின்னப் பாதங்கள், விரல்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்ட இறுகி, யாரோ பெரிய கைக்குள் வைத்துக்கொண்டது போல வெளுத்து, வெயிலுக்குள் போய்க்கொண்டிருந்தன.